50,000 ரூபாய்க்குள் ஹாலுக்கு எந்த டிவி? பேனலைப் பார்த்து வாங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருச்சியில் வீடு. ஹால் 10க்கு 14 அடி, சோபாவிலிருந்து டிவி சுவர் வரை எட்டரை அடி. பழைய 32 இன்ச் டிவி போய்விட்டது. பகலில் அப்பா நியூஸ் சேனல், சாயங்காலம் அம்மா சீரியல், இரண்டும் கேபிளில். ராத்திரி நீங்களும் மனைவியும் ஓடிடியில் படம். கையில் 50,000 ரூபாய். கடையில் 55 இன்ச் க்யூஎல்இடி காட்டுகிறார்கள், நண்பர் 43 இன்ச் போதும் ஆனால் பெரிய பிராண்டாக எடு என்கிறார், மாமா கொஞ்சம் கடன் வாங்கியாவது ஓஎல்இடி எடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

நான் டிவி சர்வீஸில் இருப்பவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 55 இன்ச் எடுங்கள், விஏ வகைப் பேனல் (படம் தெரியும் திரைப் பாகம்) உள்ளதாக எடுங்கள், பட்ஜெட்டில் கிடைத்தால் லோக்கல் டிம்மிங் உள்ள மினி எல்இடி. ஆனால் 50,000 முழுவதையும் டிவியிலேயே போட்டுவிடாதீர்கள், ஐந்தாயிரமாவது ஒதுக்கி வையுங்கள். ஏன், இந்தப் பெயர்களெல்லாம் என்ன என்பதற்குத்தான் மீதி எல்லாம். ஒரு டிவியில் வாங்கிய பிறகு மாற்ற முடியாத பொருள் பேனல் ஒன்றுதான். சத்தம் போதவில்லையா, சவுண்ட்பார் வைக்கலாம். ஸ்மார்ட் பகுதி மெதுவாகிவிட்டதா, ஓடிடி ஆப்கள் ஓடும் சின்ன ஸ்டிக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். கேபிள் படம் மங்கலா, பாக்ஸை மாற்றலாம். பேனல் சுமார் என்றால் அது போகும்வரை சுமார்தான். கடையில் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பவற்றில் முக்கால்வாசி, பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்களைப் பற்றியவை. அவற்றுக்காகப் பேனலில் சமரசம் செய்யாதீர்கள்.

முதலில் கேபிள். இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி இதுதான். ஹெச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். இருபதில் ஒரு பங்குதான் கேபிளிலிருந்து வருகிறது, மீதி பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் தானாகக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. 32 இன்ச்சில் இது தெரியாது. 55 இன்ச்சில் முகத்தில் மெழுகு பூசியது போலவும், கீழே ஓடும் எழுத்தின் விளிம்பில் கொசு மொய்ப்பது போலவும் தெரியும். புது டிவி மாட்டிய மறுநாள் "பழைய டிவியே நல்லாத் தெரிஞ்சதே" என்று எங்களுக்கு வரும் ஃபோன்களில் பெரும்பாலானவை இதனால்தான். டிவியில் பழுது ஒன்றும் இருக்காது.

இதற்கு வழி சின்ன டிவி வாங்குவது இல்லை. பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மூலம் கொடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். அந்த ஒயரில் ஹெச்டி வராது. புது டிவிகளில் அந்த மூன்று ஓட்டையும் பெரும்பாலும் இல்லை, ஹெட்ஃபோன் பின் மாதிரி ஒரே ஓட்டைதான் இருக்கும், அதற்குத் தனி ஒயர் வேண்டும், சில மாடல்களில் அதுவும் கிடையாது. கேபிள்காரரிடம் ஹெச்டி பாக்ஸ் கேளுங்கள், ஹெச்டிஎம்ஐ ஒயரில் மாட்டச் சொல்லுங்கள், பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் 576இல் நின்றிருந்தால் 1080 ஆக்குங்கள். பாக்ஸை மாற்றிவிட்டு இந்த ஒரு அமைப்பை மறந்துவிடுகிற வீடுகள் நிறைய. எல்லா ஹெச்டி சேனலுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சேனலைத் தனித்தனியாக எடுக்கும் முறை 2019லிருந்து இருக்கிறது, அம்மா பார்க்கும் இரண்டு மூன்று சேனலுக்கு மட்டும் ஹெச்டி சேர்த்தால் போதும். நான் ஒதுக்கி வைக்கச் சொன்ன ஐந்தாயிரத்தில் முதல் செலவு இதுதான், வீட்டில் எல்லோருக்கும் உடனே தெரியும் மாற்றமும் இதுதான்.

சரி, அளவு. 55 இன்ச் என்பது குறுக்காக 139 செ.மீ. சொச்சம், அகலம் நான்கு அடி, உயரம் இரண்டேகால் அடிக்கு மேல். ஷோகேஸுக்குள் வைப்பதாக இருந்தால் இப்போதே டேப் எடுத்து அளந்துவிடுங்கள். படம் பார்க்கச் சுகமான தூரம், குறுக்களவைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை. எட்டரை அடி என்பது 102 இன்ச், அதற்கு 55 சரியாக உட்கார்கிறது. 65கூடத் தாங்கும், ஆனால் அதே காசுக்கு 65 எடுத்தால் பேனல் தரம் ஒரு படி கீழே போகும், எஸ்டி சேனல் இன்னும் மோசமாகத் தெரியும். உங்கள் நண்பர் சொல்லும் 43இல் ஒரு சிக்கல் உண்டு: 43 இன்ச்சில் 4கேவுக்கும் சாதாரண ஃபுல் ஹெச்டிக்கும் உள்ள வித்தியாசம் நல்ல கண்ணுக்கு ஐந்தரை ஆறடிக்குள்தான் தெரியும். எட்டரை அடியில் இரண்டும் ஒன்றுதான். படுக்கையறைக்கு என்றால் 43 அருமையான அளவு, உங்கள் ஹாலுக்குச் சின்னது.

இப்போது பேனல். ஓஎல்இடி தவிர கடையில் இருக்கும் எல்லா டிவியும் எல்சிடிதான், எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி. முன்னால் எல்சிடி திரை, பின்னால் விளக்கு. எல்சிடியில் இரண்டு வகை. விஏ பேனல் விளக்கு வெளிச்சத்தை நன்றாக அடைத்துக்கொள்ளும், அதனால் கறுப்பு கறுப்பாகத் தெரியும். வெள்ளைக்கும் கறுப்புக்குமான விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கும் மேல் போகும். ஐபிஎஸ் பேனலில் அது ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டியே நிற்கும். லைட்டை அணைத்துவிட்டு ராத்திரிக் காட்சி பார்த்தால் திரை முழுக்கச் சாம்பல் பூத்தது மாதிரி இருக்கும். ஆனால் ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது, விஏயில் 30, 40 டிகிரி தள்ளி உட்கார்ந்தாலே வெளுக்கத் தொடங்கும்.

ஆகவே உங்கள் ஹாலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். எல்லோரும் சோபாவிலும் அதற்கு முன்னால் தரையிலும்தான் என்றால் விஏ. அப்பாவின் ஈஸி சேர் டிவி சுவரை ஒட்டிய ஓரத்தில் கிடக்கிறது, அவர் அங்கிருந்துதான் நாள் முழுக்கப் பார்க்கிறார் என்றால் ஐபிஎஸ் பற்றி யோசிக்கலாம். நானாக இருந்தால் சேரை இரண்டடி நகர்த்திப் போட்டுவிட்டு விஏ எடுப்பேன். பேனல் வகையைப் பெட்டியில் போட மாட்டார்கள், விற்பனையாளருக்கும் பெரும்பாலும் தெரியாது. கடையில் நேராக நின்று பார்த்துவிட்டு அப்படியே ஓரமாக நடந்து போய்ப் பாருங்கள். முகத்தின் நிறம் வெளிறிக்கொண்டே வந்தால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஒரே மாடல் எண்ணிலேயே அளவுக்கு அளவு, சில சமயம் தயாரிப்புக்குத் தயாரிப்புக்கூட பேனல் மாறும். 43இல் பார்த்துவிட்டு 55ஐ ஆர்டர் செய்யாதீர்கள், எடுக்கப்போகும் அளவையே பாருங்கள்.

க்யூஎல்இடி என்றால் என்ன? பின்னால் இருக்கும் விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் ஒன்று. அது சிவப்பையும் பச்சையையும் சுத்தமாக்கும், நிறங்கள் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் கறுப்பைக் கறுப்பாக்குவதில் அதற்குப் பங்கே இல்லை. விலை குறைந்த க்யூஎல்இடிகளில் பின்விளக்கு மங்கலானதுதான், மங்கலான விளக்கில் எவ்வளவு நல்ல நிறம் இருந்து என்ன. அதனால் க்யூஎல்இடி என்ற பெயருக்கு மட்டும் ஐந்தாயிரம் அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள். மினி எல்இடி வேறு கதை. பின்னால் சின்னச் சின்ன எல்இடிகள் ஏராளமாக இருக்கும், அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் மங்கச் செய்யும், லோக்கல் டிம்மிங் என்பது இதுதான். அந்தப் பகுதிகளின் எண்ணிக்கைதான் முக்கியம். எத்தனை டிம்மிங் ஸோன் என்று கேளுங்கள், இணையதளத்தில் தேடுங்கள். நூற்றுக்கும் மேல் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பத்து இருபது ஸோன் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் போட்டிருந்தால் நிலாவைச் சுற்றி அரை அடிக்கு வெளிச்சப் புகை நிற்கும்.

மாமா சொல்லும் ஓஎல்இடி படத்தரத்தில் எல்லாவற்றையும்விட மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அணைய வேண்டிய புள்ளி முழுசாக அணையும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பேன், விலைக்காக மட்டும் இல்லை. நம் நியூஸ் சேனல்களைப் பாருங்கள். கீழே சிவப்புப் பட்டை, மூலையில் லோகோ, பக்கவாட்டில் நேரமும் விளம்பரமும், நாள் முழுக்க அதே இடத்தில். ஓஎல்இடி புள்ளிகள் எரிய எரியத் தேயும், ஒரே இடம் தொடர்ந்து பளிச்சென்று எரிந்தால் அந்த இடம் மட்டும் முன்னதாகத் தேய்ந்து தழும்பு மாதிரி நின்றுவிடும். கம்பெனிகள் படத்தை லேசாக நகர்த்துவது, லோகோவை மங்கச் செய்வது என்று நிறையச் செய்திருக்கின்றன, கலந்து பார்க்கிற வீட்டில் பயமில்லை. தினம் ஏழெட்டு மணிநேரம் ஒரே நியூஸ் சேனல் ஓடும் வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். போதாததற்கு, நேர் எதிரே ஜன்னல் இருந்தால் பகலில் அந்தக் கண்ணாடித் திரையில் உங்கள் வீட்டுத் திரைச்சீலைதான் தெரியும்.

வெளிச்சம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்று அளப்பார்கள். அடிமட்ட 4கே டிவிகள் 250, 300 நிட்ஸ். நம் ஊர்ப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் இது கஷ்டம். பெட்டியில் ஹெச்டிஆர், டால்பி விஷன் என்று லோகோ இருக்கும், வெளிச்சமான இடங்களைக் கூடுதல் பளிச்சென்று காட்டத் தயாரித்த படமுறைகள் அவை, அந்த சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், அந்த வெளிச்சத்தைக் காட்டும் என்று இல்லை. ஹெச்டிஆர் படங்கள் பெரும்பாலும் ஆயிரம் நிட்ஸ் அளவை மனதில் வைத்துத் தயாராகின்றன. 300இல் அவை சாதாரணப் படத்தைவிட இருட்டாகத்தான் தெரியும். 500, 600 நிட்ஸாவது இருந்தால்தான் பலன். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, அவர்கள் அதே மாதிரி இன்னொரு முறையான ஹெச்டிஆர்10 பிளஸ் பக்கம், அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை. வெளிச்சம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம், நம் சேனல்கள் 50ஐ ஒட்டி வருபவை, 60 ஹெர்ட்ஸ் பேனல் இதற்குத் தாராளம். பிளேஸ்டேஷன் மாதிரி கேம் ஆடுபவர் வீட்டில் இருந்தால் மட்டும் உண்மையான 120 ஹெர்ட்ஸும் ஹெச்டிஎம்ஐ 2.1 வசதியும் தேடுங்கள், அதுவும் "மோஷன் ரேட் 240" என்பது மாதிரி எண்களை நம்பாமல் பேனல் எத்தனை ஹெர்ட்ஸ் என்றே கேளுங்கள்.

ஸ்மார்ட் வசதியில் ராம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 16 ஜிபி இருந்தால் ஆரம்பத்தில் சிரமம் இருக்காது, 1 ஜிபி உள்ளவை வாங்கிய புதிதிலேயே திணறும். கூகுள் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைஸன் மூன்றிலும் உங்களுக்கு வேண்டிய ஆப்கள் இருக்கின்றன. நாலைந்து வருடத்தில் எதுவாக இருந்தாலும் மெதுவாகும், ஆப்கள் அப்டேட் ஆகாமல் நிற்கும், அப்போது ஸ்டிக். இதைவிட முக்கியமானது ஓடிடி பிளான். நெட்ஃபிளிக்ஸில் டிவியில் பார்க்க முடிகிற மலிவான பிளானில் 720தான் வரும், 4கே வேண்டுமானால் பிரீமியம் பிளான் எடுக்க வேண்டும், இணைய வேகமும் 15 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும். 4கே டிவி வாங்கி 720இல் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

சத்தம். டிவி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இப்போது அது கீழே பார்த்தபடி இருக்கும், சத்தம் தரையிலும் சுவரிலும் மோதித்தான் உங்களிடம் வரும். பின்னணி இசை இடிக்கும்போது வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடமே பாட்டு வந்து குறைப்பீர்கள். 20 வாட், 30 வாட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் டிவியின் சவுண்ட் மெனுவில் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு எதுவும் இருந்தால் போட்டுப் பாருங்கள், வயதானவர்கள் உள்ள வீட்டில் அதுவே பெரிய உதவி. போதாவிட்டால் ஹெச்டிஎம்ஐ ஆர்க் (டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ ஒயரிலேயே வாங்கிக்கொள்ளும் வசதி) உள்ள ஒரு சின்ன சவுண்ட்பார், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டிக் குறைக்கலாம்.

பிராண்ட் விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி சரி. எல்சிடி பேனல்கள் இன்று பெரும்பாலும் சீன ஆலைகளிலிருந்துதான் வருகின்றன. சாம்சங்கின் டிஸ்ப்ளே நிறுவனம் 2022இல் எல்சிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டது, எல்ஜி டிஸ்ப்ளேவும் சீனாவில் இருந்த தன் பெரிய டிவி எல்சிடி ஆலையை டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடிக்கு விற்றுவிட்டது. ஆகவே "கொரியன் பேனல், ஜப்பான் பேனல்" என்று எல்சிடி டிவியைக் காட்டி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பழைய வெளிநாட்டுப் பெயர்களிலும் கவனம் தேவை: தாம்சன், கோடாக், ப்ளாபுங்க்ட் என்ற பெயர்களில் இங்கே விற்கும் டிவிகளைத் தயாரிப்பது, அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் வாங்கிய ஓர் இந்திய நிறுவனம். தோஷிபா டிவி தொழில் 2018லிருந்து ஹைசென்ஸ் கையில். இது குறை இல்லை, நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிராண்டில் உண்மையான வித்தியாசம் இரண்டு இடத்தில். ஒன்று, எஸ்டி படத்தை ஊதிப் பெரிதாக்கும் சிப்பின் திறமை, அதில் சோனி நெடுங்காலமாக நல்ல பெயர் வைத்திருக்கிறது. இரண்டு, சர்வீஸ். 50,000க்கு உங்கள் முன்னால் இருப்பது பெரிய பிராண்டின் அடிமட்ட மாடல் அல்லது டிசிஎல், ஹைசென்ஸ் மாதிரி பிராண்டின் நடுத்தட்டு மாடல். படத்தரத்தில் இரண்டாவது பெரும்பாலும் ஜெயிக்கும். முடிவெடுக்கும் முன் உங்கள் ஊரில் அந்த பிராண்டை உண்மையில் யார் சர்வீஸ் பார்க்கிறார்கள், பேனல் வர எத்தனை நாள் ஆகும் என்று கடையில் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள். திருச்சி மாதிரி ஊரில் பிரச்சினை குறைவு, சின்ன ஊர் என்றால் இந்த ஒரு ஃபோனே முடிவைத் தீர்மானிக்கும்.

வாரண்டியில் பேனல் எத்தனை வருடம் என்று தனியாகப் படியுங்கள். ஒரு வருட முழு வாரண்டிக்கு மேல் பேனலுக்கு மட்டும் இன்னொரு வருடம் கொடுப்பது வழக்கம். பேனல் போனால் மாற்றும் செலவு பல சமயம் டிவி விலையில் பாதியைத் தாண்டும், அதனால் கம்பெனியே கொடுக்கும் கூடுதல் வாரண்டி நியாயமான விலையில் வந்தால் எடுங்கள். வெளியில் கீறல், உடைப்பு, தண்ணீர் எதற்கும் வாரண்டி பொருந்தாது.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். அதில் மூன்றே விஷயம்: முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்று, கறுப்பு நடுவே சின்ன வெள்ளை வட்டம் உள்ள படம் ஒன்று, பகல் வெளிச்சத்தில் உங்கள் ஃபோனில் எடுத்த அம்மாவின் வீடியோ ஒன்று. கடை டிவிகள் ஷோரூம் மோடில் விவிட் அமைப்பில் எரிந்துகொண்டிருக்கும், கம்பெனி கொடுத்த 4கே டெமோ ஓடும், பூவும் கிளியும் எந்த டிவியிலும் அழகாகத்தான் தெரியும். முதலில் ஹோம் மோடுக்கு மாற்றி, படத்தை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள். சாம்பல் படத்தைப் போட்டால் திட்டுத் திட்டாக, கோடு கோடாக அழுக்கு மாதிரி தெரிகிறதா என்று பாருங்கள், கிரிக்கெட் மைதானத்தைக் கேமரா வருடும்போது தொல்லை கொடுப்பது அதுதான். வட்டத்தைச் சுற்றி எவ்வளவு வெளிச்சம் கசிகிறது, நான்கு மூலைகளில் டார்ச் அடித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் அம்மா முகம். நம் மாநிறத்தை மோசமான டிவிகள் செங்கல் சிவப்பாக்கும் அல்லது மஞ்சளாக்கும். அந்த முகம் உங்களுக்குத் தெரிந்த முகம், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். முறைப்படி கருவி வைத்து அளப்பதற்கு அடுத்தபடி இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

விலை பேசும்போது: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரியில் 50,000க்கு விற்ற டிவி, வரி மாற்றத்தாலேயே 46,100 அளவுக்கு வர வேண்டும். "இவ்வளவு தள்ளுபடி" என்று காட்டுவதில் இதையும் சேர்த்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். ஆடி, தீபாவளித் தள்ளுபடிகளில் போன வருட மாடல் நல்ல விலைக்கு வரும், அது மேல்தட்டு மாடலாக இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். நோ காஸ்ட் இஎம்ஐயில் பிராசஸிங் கட்டணமும், வட்டிக்கு ஜிஎஸ்டியும் தனியாக வரும், மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மாட்டும் உயரத்தில் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. சுவர் காலியாகத் தெரியும் இடத்தில், ஐந்தடிக்கு மேலே மாட்டிவிடுகிறார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் மூன்றரை அடி உயரத்தில், தரையில் பாய் போட்டு உட்கார்ந்தால் இரண்டரை அடியில். அந்தக் கண்ணிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்தும் வலிக்கும், விஏ பேனலில் படமும் வெளுக்கும். டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். நடமாடும் குழந்தை இருந்தால் மூன்றடி. பிளக் பாயிண்டை எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே மேலே வைத்துவிட்டார் என்பதற்காக டிவியை மேலே தூக்காதீர்கள், ஒயரை இறக்கிக்கொள்ளலாம். கரண்ட் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம்: 55 இன்ச் சுமார் 120 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணிநேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 36 யூனிட்.

ஸ்டெபிலைசர் பொதுவாகத் தேவையில்லை, இந்த டிவிகள் 100லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும்படிதான் பெரும்பாலும் வருகின்றன. தேவை, திடீரென்று எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் எங்களுக்கு வரும் டிவிகளில் பல, கரண்ட் ஒயர் வழியாகப் போனவை இல்லை. தெருவில் தொங்கும் கேபிள் ஒயரில் மின்னல் ஏறி, செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, ஹெச்டிஎம்ஐ வழியாக மெயின் போர்டைக் கொன்றவை. இடி இடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் வீடு துடைக்கும்போது திரையில் நேராக ஸ்ப்ரே அடிப்பார்கள். அது வழிந்து கீழ் விளிம்பில் உள்ளே இறங்கும், அங்கேதான் பேனலோடு ஒட்டிய மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. சில நாளில் லைன் விழுந்துவிடும், அது வாரண்டியில் வராது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், கறை இருந்தால் துணியில் லேசாக ஈரம், திரையில் இல்லை. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் பல்லியும் எறும்பும் குடியேறும், போர்டில் ஷார்ட் ஆகும். மாதம் ஒரு முறை பின்பக்கம் பிரஷ் போடுங்கள், பூச்சியும் அதைத் தேடிப் பல்லியும் வராமல் இருக்க, குழல்விளக்கை டிவிக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

மாட்டிய அன்றே மெனுவுக்குள் போய், படத்தை சினிமா அமைப்பில் வையுங்கள், ஷார்ப்னஸ்ஸைக் குறையுங்கள், படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை (ஃபிரேம்களுக்கு நடுவே டிவியே புது ஃபிரேம் சேர்க்கும் வசதி) நிறுத்துங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று பெயர் இருக்கும், அதை நிறுத்தாமல் விட்டால் சினிமா சீரியல் மாதிரி வழுக்கும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். பேக்லைட், அதாவது பின்விளக்கு, நூறில் நிற்கும், பகலுக்கு வைத்துக்கொண்டு ராத்திரியில் பாதியாகக் குறையுங்கள். எந்நேரமும் நூறில் ஓடும் டிவிகளில் அந்த விளக்கின் எல்இடி ஸ்ட்ரிப் முன்னதாகவே எரிந்துபோகும். என்றைக்காவது சத்தம் வந்து படம் வராமல் போனால், யாராவது பேனல் போச்சு என்று சொல்வதற்கு முன்னால் அறையை இருட்டாக்கிவிட்டு திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் விளக்குதான் போயிருக்கிறது, அந்த ஸ்ட்ரிப்பை மாற்ற ஆகும் செலவு பேனல் செலவில் ஒரு சிறு பங்குதான்.